தென்னாப்பிரிக்கா: தடை போட்டதால்தான் நிறவெறி அரசு பணிந்ததா?

கரிசல்காட்டான்

பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணில் கிடந்த டிரங்குப் பெட்டியை இறக்கினேன். அடியில் அப்பாவின் முதல் பாஸ்போர்ட். மஸ்கட்டுக்குக் கொத்தனார் வேலைக்குப் போக 1980-ல் எடுத்தது. எந்தெந்த நாடுகளுக்குச் செல்லும் என்று போட்டிருக்கும் இடத்தில், தென்னாப்பிரிக்கக் குடியரசு நீங்கலாக என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பக்கத்தில் நின்ற அத்தை மகன் சிரித்துவிட்டான். "கோவில்பட்டிக் கொத்தனார் வரமாட்டாராம் என்று கேள்விப்பட்டுத்தான் வெள்ளைக்காரன் ஆட்சியை விட்டானாக்கும்?"

பதில் சொல்ல முடியவில்லை, அதனால் இங்கே வந்தேன்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். தென்னாப்பிரிக்க மாகாணங்களான நடாலிலும் டிரான்ஸ்வாலிலும் இந்தியர்கள் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று வரம்பு கட்டும் சட்டத்தைப் பிரதமர் ஸ்மட்ஸின் அரசு 1946-ல் கொண்டுவந்தது. அந்த ஜூலையில் இந்தியா வணிக உறவை முறித்துக்கொண்டது. நமக்கே அப்போது சுதந்திரம் வரவில்லை. நம் ஏற்றுமதியில் 5 சதவீதத்துக்கும் மேல் அங்கேதான் போய்க்கொண்டிருந்தது, கோணிப்பை உட்பட. நஷ்டம் தெரிந்தேதான் முறித்தார்கள். அங்கிருந்து கணக்குப் போட்டால் 1994 தேர்தல் வரை 48 வருஷம். இத்தனை வருஷத்தில் தடை என்னதான் செய்தது?

நேர்வழிக்கணக்கு

உங்கள் அத்தை மகன் பக்கம் நான்.

இந்தியா முறித்தது 1946-ல். நிறவெறியைச் சட்டமாக்கிய தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தது 1948-ல். ஆக முதல் தடைக்குப் பிறகு நிலைமை மோசமானது. 1960 மார்ச்சில் ஷார்ப்வில்லில் போலீஸ் சுட்டு 69 பேர் செத்தார்கள். உலகமே கண்டித்தது. 1962-ல் ஐ.நா. பொதுச்சபை உறவை முறியுங்கள், பொருளை வாங்காதீர்கள் என்று தீர்மானம் போட்டது. அந்தப் பத்தாண்டில்தான் அவர்கள் பொருளாதாரம் பிரமாதமாக வளர்ந்தது. வெளிநாட்டு முதலீடு கொட்டியது. எண்ணெய் தரமாட்டோம் என்று அரபு நாடுகள் 1973-ல் சொன்னபோது நிலக்கரியிலிருந்து பெட்ரோல் காய்ச்சும் சாசோல் ஆலைகளைப் பெரிதாக்கினார்கள். ஆயுதம் தரமாட்டோம் என்றதும் தாங்களே செய்து வெளியே விற்கவும் தொடங்கினார்கள்.

பெர்லின் சுவர் விழுந்தது 1989 நவம்பரில். தென்னாப்பிரிக்க அதிபர் டி கிளர்க் தடைசெய்யப்பட்ட கட்சிகளை அனுமதித்தது 1990 பிப்ரவரி 2. நடுவில் மூன்று மாதம்கூட இல்லை. கம்யூனிச பூச்சாண்டி காட்டி மேற்கு நாடுகளின் ஆதரவை வைத்திருந்தவர்களுக்குப் பூச்சாண்டியே இல்லாமல் போனது. காரணம் அதுதான், தடை இல்லை.

இன்னொன்று. நாடாளுமன்றத்தில் 13 வருஷம் தனி ஆளாக நிறவெறியை எதிர்த்தவர் ஹெலன் சுஸ்மன். அவரே தடை வேண்டாம் என்றார். கறுப்பின ஏழையின் வயிற்றில்தான் அடிக்கும் என்றார். அவரையும் வெள்ளைக்கார ஏஜென்ட் என்று சொல்வீர்களா?

தோழர்_சு

தடை வேண்டாம் என்ற பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சர் சொன்னதையே தமிழில் எழுதியிருக்கிறீர்கள். வாழ்த்துகள்.

நேர்வழிக்கணக்கு

யார் சொன்னார் என்பதை விடுங்கள் தோழரே, எங்கே தப்பு என்று சொல்லுங்கள்.

பழைய_காசாளர்

நான் சொல்கிறேன். 34 வருஷம் வங்கியில் இருந்தவன், அதில் கடைசிப் பத்து வருஷம் அந்நியச் செலாவணிப் பிரிவில். பாதி விஷயத்தில் நேர்வழியார் சொல்வது சரி. எல்லாத் தடையையும் ஒரே மூட்டையில் கட்டியதில்தான் கோளாறு.

அரசாங்கங்கள் போட்ட தடையில் ஓட்டை நிறைய. உண்மையில் அடித்தது வேறு. தேதி 1985 ஜூலை 31. நியூயார்க்கின் சேஸ் மன்ஹாட்டன் வங்கி, தென்னாப்பிரிக்காவுக்குக் கொடுத்த குறுகிய காலக் கடனை இனிப் புதுப்பிக்கப் போவதில்லை என்று முடிவு செய்தது.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், நம் கடைவீதியில் நடப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் புரோநோட்டு எழுதிக் கொடுத்து ஒரு லட்சம் வாங்குகிறார், ஆறு மாதத் தவணை. ஆறு மாதம் முடிந்ததும் வட்டியைக் கட்டிவிட்டு நோட்டை மாற்றி எழுதுவார். அசலை யாரும் கேட்பதில்லை. இப்படியே பத்து வருஷம் ஓடும். அந்தப் பணம் கடையில் சரக்காகக் கிடக்கிறது, கையில் இல்லை. ஒருநாள் கொடுத்தவர் வந்து, "நோட்டு மாற்ற வேண்டாம், அசலை எடு" என்கிறார். அடுத்த கடைக்காரருக்கு விஷயம் தெரிகிறது. சாயங்காலத்துக்குள் கொடுத்தவன் எல்லாம் வாசலில். கடை நொடித்துப்போனது என்று அர்த்தமில்லை. ஆனால் அன்றைக்குக் கதவைச் சாத்தித்தான் ஆக வேண்டும்.

தென்னாப்பிரிக்காவின் வெளிக்கடன் அப்போது சுமார் 2,400 கோடி டாலர். அதில் பெரும்பகுதி ஒரு வருஷத்துக்குள் திருப்ப வேண்டிய குறுகிய காலக் கடன். சேஸ் கையை எடுத்ததும் மற்ற வங்கிகளும் எடுத்தன. ஆகஸ்ட் 15 அன்று அதிபர் பி. டபிள்யூ. போத்தா டர்பனில் பேசப்போகிறார், பெரிய சீர்திருத்தம் வரப்போகிறது, மண்டேலா விடுதலைகூட இருக்கலாம் என்று அவர் ஆட்களே வெளியே கிசுகிசுத்து வைத்திருந்தார்கள். உலகத் தொலைக்காட்சி எல்லாம் காத்திருந்தது. மனுஷன் மேடையேறி விரலை ஆட்டித் திட்டிவிட்டு இறங்கினார். ரூபிகான் உரை என்பார்கள் அதை. அந்த நாட்டு நாணயமான ராண்ட் சரிந்து 35 அமெரிக்க சென்ட் அளவுக்குப் போனது. இரண்டரை வருஷம் முன்னால் அது 90 சென்ட்டை ஒட்டி இருந்த காசு. ஆகஸ்ட் கடைசியில் பங்குச்சந்தையையும் செலாவணிச் சந்தையையும் மூடினார்கள். செப்டம்பர் தொடக்கத்தில், சுமார் 1,400 கோடி டாலர் கடனுக்கு அசல் தரமுடியாது என்று அறிவித்தார்கள். அவர்களுடைய ரிசர்வ் வங்கி ஆளுநர் கெர்ஹார்ட் டி காக் லண்டன், நியூயார்க் என்று அலைந்தார். பெயருக்குக்கூட யாரும் கை கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு 1990 வரை அந்த நாடு வெளியிலிருந்து வாங்குவதைக் குறைத்து, விற்பதைக் கூட்டி, மிச்சத்தைக் கடனுக்குக் கட்டிக்கொண்டே இருந்தது. வளரவேண்டிய பொருளாதாரம் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தது. புது வேலை இல்லை, புது முதலீடு இல்லை, ஆனால் ராணுவச் செலவும் போலீஸ் செலவும் ஏறிக்கொண்டே போயின. இதைப் புரிந்துகொள்ள பெர்லின் சுவர் தேவையில்லை. சுவர் விழுந்தது சாக்குச் சொல்ல உதவியது, அவ்வளவுதான் என் கருத்து.

நேர்வழிக்கணக்கு

காசாளர் ஐயா, விவரத்துக்கு நன்றி. ஆனால் நீங்கள் என் வாதத்தைத்தான் பலப்படுத்தியிருக்கிறீர்கள். சேஸ் வங்கி என்ன, மண்டேலா மேல் பாசத்திலா பணத்தை எடுத்தது? டவுன்ஷிப் என்ற கறுப்பர் குடியிருப்புகளில் கலவரம், ஜூலை 20-ல் நெருக்கடிநிலை, போட்ட காசு திரும்பாது என்ற பயம். லாப நஷ்டக் கணக்கு. இதில் பிரச்சாரம் செய்தவர்களுக்கு என்ன பங்கு?

ரெண்டாம்வருஷம்

எனக்கும் அதே சந்தேகம். நான் பொருளியல் ரெண்டாம் வருஷம். எங்கள் பாடத்தில் "தடைகள் பெரும்பாலும் தோற்கும்" என்று ஒரே பத்தியில் முடித்துவிட்டார்கள். ஆரஞ்சுப் பழம் வாங்காதே என்று லண்டனில் துண்டறிக்கை கொடுத்தவர்களுக்கும் நியூயார்க் வங்கி முதலாளிக்கும் என்ன சம்பந்தம்?

லிஃபிக்கரை_சாவித்திரி

ஆரஞ்சு என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தேன். நான் டப்ளினில் நர்ஸ், இருபது வருஷமாக. இங்கே என் வார்டுக்கு வரும் வயதானவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் கட்டாயம் இந்தக் கதைக்கு வந்து நிற்பார்கள்.

1984 ஜூலை 19. டப்ளின் ஹென்றி தெருவில் டன்ஸ் ஸ்டோர்ஸ் என்ற பெரிய கடை. மேரி மேனிங் என்ற 21 வயதுப் பெண் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு அம்மா இரண்டு அவுட்ஸ்பான் கிரேப்ஃபுரூட்டைக் கொண்டுவந்து வைக்கிறார். அவுட்ஸ்பான் என்றால் தென்னாப்பிரிக்கச் சரக்கு. அந்த நாட்டுப் பொருளைத் தொடக்கூடாது என்று தொழிற்சங்கம் தீர்மானம் போட்டிருந்தது. மேரி, "மன்னிக்கணும், இதை நான் பில் போட முடியாது" என்றார். உடனே சஸ்பெண்ட். சங்கப் பிரதிநிதி கேரன் கியரனும் மற்றவர்களும் வெளியே வந்தார்கள். ஆரம்பத்தில் பத்துப் பதினோரு பேர், பெரும்பாலும் பெண்கள். எல்லாரும் சின்ன வயசு.

அவர்களுக்கு நிறவெறி பற்றி அன்றைக்கு ஒன்றும் தெரியாது. அவர்களே பிற்பாடு சொல்லியிருக்கிறார்கள். இரண்டு வாரத்தில் உள்ளே போய்விடலாம் என்றுதான் நினைத்தார்களாம். பிறகு நிம்ராட் செஜாகே என்ற தென்னாப்பிரிக்கர், நாட்டை விட்டுத் துரத்தப்பட்டுப் பல ஊர் சுற்றி டப்ளினுக்கு வந்து சேர்ந்தவர், ஒருநாள் வந்து மறியலில் கூட நின்றார். அங்கே என்ன நடக்கிறது என்று இவர்களுக்கு அவர்தான் பாடம் எடுத்தார். அதற்கப்புறம் யாராலும் அந்தப் பிள்ளைகளை அசைக்க முடியவில்லை. வாரத்துக்கு 21 பவுண்டு சங்கப் படி. மழை, குளிர், போகிறவர் வருகிறவர் ஏச்சு. நோபல் பரிசு வாங்கப் போகும் வழியில் தென்னாப்பிரிக்க பிஷப் டெஸ்மண்ட் டூட்டு இவர்களை லண்டனில் சந்தித்தார். 1985-ல் அவர் அழைப்பில் தென்னாப்பிரிக்கா போனார்கள். விமான நிலையத்திலேயே துப்பாக்கிக்காரர்களை வைத்து மடக்கித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த ஒரு வேலையால் ஐரிஷ் செய்தி எல்லாம் இவர்கள் பக்கம் திரும்பியது. கிட்டத்தட்ட மூன்று வருஷம் நின்றார்கள். 1987-ல் தென்னாப்பிரிக்கப் பழம், காய்கறி இறக்குமதியையே அயர்லாந்து தடை செய்தது.

இரண்டு பழத்தால் தென்னாப்பிரிக்காவுக்கு என்ன நஷ்டம், தம்பி? பத்துப் பைசா இருக்குமா? ஆனால் ஒரு நாட்டுச் சட்டம் மாறியது.

ரெண்டாம்வருஷம்

அக்கா, கிரேப்ஃபுரூட் என்றால் நம்ம பம்பளிமாசா?

லிஃபிக்கரை_சாவித்திரி

இல்லை, பம்பளிமாசு இதைவிடப் பெரிசு, தோல் தடிமன். இது அதற்கும் ஆரஞ்சுக்கும் பிறந்த பிள்ளை. கசக்கும். இத்தனை பேர் இதற்காகவா சண்டை போட்டார்கள் என்று முதல் தடவை தின்றபோது நினைத்தேன்.

இன்னொன்று சொல்ல மறந்தேன். 'பாய்காட்' என்ற சொல்லே அயர்லாந்தில் பிறந்தது. மேயோ மாவட்டத்தில் ஜமீன் ஏஜென்டாக இருந்த கேப்டன் பாய்காட்டை 1880-ல் ஊரே ஒதுக்கிவைத்தது. அறுப்புக்கு ஆள் இல்லை, கடையில் சாமான் இல்லை, தபால்காரப் பையன்கூட வரவில்லை.

டர்பன்_வாத்தியார்

சாவித்திரி அம்மா சொன்ன கடைசிப் பத்தியைப் படித்ததும் எனக்கு நம் ஊர்விலக்கு ஞாபகம் வந்தது. அன்னந்தண்ணி புழங்கக்கூடாது, நெருப்புக் கொடுக்கக்கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் சொல்வார்களே. நம்மிடம் அது வலுத்தவன் இளைத்தவன் மேல் போடுவது. பாய்காட் விஷயத்தில் தலைகீழ்.

நான் டர்பனில் ஆறு வருஷம் தமிழ் வகுப்பு எடுத்தவன். சாட்ஸ்வொர்த்தில் குடியிருந்தேன். இந்த இனம் இங்கேதான் குடியிருக்கலாம் என்ற குழுப் பகுதிச் சட்டத்தைக் காட்டி இந்தியர்களை வேறு இடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து குடிவைத்த ஊர் அது. எங்கள் தெருவில் ஒரு பாட்டி, கறிக்கு உருளைக்கிழங்கு போடும்போதெல்லாம் 1959 கதை சொல்வார். பாஸ் என்ற அடையாளப் புத்தகம் கையில் இல்லை என்று பிடித்த கறுப்பர்களைச் சிறைக்குப் பதிலாக பெத்தால் பக்கத்து வெள்ளைக்காரப் பண்ணைகளுக்கு அனுப்பினார்கள். அங்கே அடி உதை, சாக்குதான் உடுப்பு. அந்தப் பண்ணைகளில் விளைவது உருளைக்கிழங்கு. ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் உருளைக்கிழங்கு தின்னாதே என்றது. மாதக்கணக்கில் தின்னவில்லை. சந்தையில் மூட்டை மூட்டையாகத் தேங்கியது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், புறக்கணிப்பு வெளிநாட்டுக்காரர் கண்டுபிடித்துக் கொடுத்த ஆயுதம் இல்லை. அந்த மக்கள் தங்கள் வயிற்றைக் கட்டி முதலில் செய்து பார்த்தார்கள். பிறகுதான் காங்கிரஸ் தலைவர் லுதுலி வெளியே கேட்டார், நீங்களும் வாங்காதீர்கள் என்று. அதைக் கேட்டுத்தான் 1959 ஜூன் 26 அன்று லண்டனில் பின்னாளில் தான்சானியா அதிபரான நைரேரேயும் பாதிரியார் ஹடில்ஸ்டனும் மேடையேறிப் புறக்கணிப்பு இயக்கம் தொடங்கியது. ஷார்ப்வில்லுக்குப் பிறகு அதுவே நிறவெறி எதிர்ப்பு இயக்கம் ஆனது.

நேர்வழியார் ஹெலன் சுஸ்மனைச் சொன்னார். நல்ல மனுஷி, மறுக்கவில்லை. ஆனால் கறுப்பருக்கு எது வலிக்கும் என்று கறுப்பரிடம்தானே கேட்க வேண்டும்? லுதுலி கேட்டார், டூட்டு கேட்டார். டென்மார்க் தொலைக்காட்சியில் எங்கள் நிலக்கரியை வாங்குகிறீர்களே என்று பேசியதற்காக டூட்டுவின் பாஸ்போர்ட்டைப் பறித்தார்கள்.

நேர்வழிக்கணக்கு

வாத்தியாரே, ஜூலு தலைவர் புத்தெலேசியும் கறுப்பர்தான். அவர் தடைக்கு எதிரி. அந்தக் காலத்துக் கருத்துக்கணிப்புகளில் கறுப்பினத் தொழிலாளர்கள் ஒரு மாதிரி கேட்டால் ஆதரித்தார்கள், இன்னொரு மாதிரி கேட்டால் எதிர்த்தார்கள். மக்கள் குரல் ஒன்றுதான் என்று நீங்கள் சொல்வதை ஏற்கமுடியாது.

டர்பன்_வாத்தியார்

ஏற்றுக்கொள்கிறேன். சாட்ஸ்வொர்த்திலேயே கருத்து ஒன்றாக இல்லை. துணிக்கடை வைத்திருந்தவர் ஒருவர் என்னிடம், "உங்க இந்தியா சட்டத்தால என் தாத்தா வியாபாரம் போச்சு" என்று இன்னும் கோபமாகச் சொன்னார். சேலை, பாத்திரம், மசாலா எல்லாம் சுற்றுவழியாக வரவேண்டியிருந்ததாம்.

ஜெனரல் மோட்டார்ஸ் கதையும் சொல்ல வேண்டும். 1986-ல் அந்தக் கம்பெனி வெளியேறுகிறேன் என்றதும் போர்ட் எலிசபெத் ஆலையில் வேலைநிறுத்தம் செய்தது யார் தெரியுமா? கறுப்பினத் தொழிலாளர்கள்தான். போகவேண்டாம் என்று இல்லை. "போகிறாய் என்றால் எங்களுக்குச் சேரவேண்டியதைக் கொடுத்துவிட்டுப் போ" என்று. கம்பெனி உள்ளூர் நிர்வாகத்துக்குக் கைமாற்றிவிட்டுப் போனது. போராடியவர்களில் பலருக்கு வேலை போனது. ஐ.பி.எம்.மும் அப்படித்தான், பெயர்ப்பலகை மாறியது, பெட்டி அதே பெட்டி. தொழிற்சங்கக் கூட்டமைப்பான கோசாட்டு முதலீட்டை விலக்கச் சொல்லிக்கொண்டே, இந்த மாதிரி நாடகத்தைக் கண்டித்துக்கொண்டும் இருந்தது. அதன் முதல் பொதுச்செயலாளர் ஜே நாயுடு, டர்பன் இந்தியர்.

வடமராட்சியான்

நான் கொஞ்சம் விளையாட்டுப் பக்கம் போறன், மட்டுறுத்துநர் கோவிக்கக்கூடாது.

1974 டேவிஸ் கோப்பை இறுதியாட்டம் இந்தியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும். விஜய், ஆனந்த் அமிர்தராஜ், உங்கட சென்னைப் பெடியள், நல்ல ஃபோர்மில இருந்த காலம். இந்தியா ஆடமாட்டன் எண்டு சொல்லிக் கோப்பையை விட்டுக்குடுத்தது. இந்தியா அதுவரைக்கும் ஒருக்காலும் வெல்லாத கோப்பை, இண்டைக்கும் வெல்லேல்லை.

எங்கட பக்கம் மறுவளம். 1982-ல பந்துல வர்ணபுர தலைமையில 14 இலங்கை ஆட்டக்காரர் காசுக்காகக் களவாத் தென்னாப்பிரிக்கா போய் ஆடினவை. திரும்பி வர 25 வருஷத் தடை. இலங்கை முதல் டெஸ்ட் ஆடிச் சரியா ஒரு வருஷம்கூட ஆகேல்லை. நல்ல ஆட்டக்காரர் சில பேர் அதோட முடிஞ்சினம். பாவம்தான். ஆனா என்ர அப்பா கடைசிவரைக்கும் அவையை மன்னிக்கேல்லை.

தோழர்_சு

எல்லாரும் இந்தியாவைப் புகழ்கிறீர்கள். 1946-ல் நிறத்துக்காகத் தடை போட்ட நாட்டில் அன்றைக்கு எத்தனை டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்தது? இன்றைக்கு இல்லையா?

மட்டுறுத்துநர்

தோழர், நியாயமான கேள்வி. ஆனால் அதற்குத் தனி இழை தொடங்குங்கள், இங்கே ஆரம்பித்தால் தென்னாப்பிரிக்கா காணாமல் போய்விடும். வடமராட்சியான், கோபமில்லை.

பழைய_காசாளர்

ரெண்டாம்வருஷம் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். பழத்துக்கும் வங்கிக்கும் என்ன சம்பந்தம்?

ஒரு வங்கி எதைப் பார்த்துப் பயப்படும்? முதலாவது, கொடுத்த கடன் வராது. இரண்டாவது, போட்ட டெபாசிட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். முதல் பயத்தை உண்டாக்கியது தென்னாப்பிரிக்கத் தெருக்கள். 1984 செப்டம்பரில் வால் முக்கோணப் பகுதியில் வாடகை உயர்வை எதிர்த்துக் கிளம்பியது அடங்கவே இல்லை. 1985-ல் போர்ட் எலிசபெத்தில் ம்குசெலி ஜாக் என்ற இளைஞர் தலைமையில், வெள்ளையர் கடையில் வாங்கமாட்டோம் என்று கறுப்பர்கள் நிறுத்தினார்கள். வியாபாரம் படுத்ததும், டவுன்ஷிப்பிலிருந்து ராணுவத்தை எடுங்கள் என்று வெள்ளை வியாபாரிகளே அரசிடம் மன்றாடினார்கள்.

இரண்டாவது பயத்தை உண்டாக்கியது நீங்கள் கேட்கும் துண்டறிக்கைக்காரர்கள். பிரிட்டனில் பார்க்லேஸ் வங்கி தென்னாப்பிரிக்காவில் பெரிய கை. மாணவர்கள் அங்கே கணக்குத் தொடங்க மாட்டோம் என்றார்கள், ஒரு வருஷம் இரண்டு வருஷமில்லை, பதினைந்து வருஷத்துக்கு மேல். வங்கிக்காரனுக்குத் தெரியும், பதினெட்டு வயதில் வராதவன் நாற்பது வயதில் வீட்டுக்கடனுக்கும் வரமாட்டான். 1986 நவம்பரில் பார்க்லேஸ் விற்றுவிட்டுக் கிளம்பியது. அமெரிக்காவில் 1984 நவம்பர் 21-ல் நிறவெறி எதிர்ப்பாளர் ராண்டல் ராபின்சனும் இன்னும் இருவரும் வாஷிங்டனில் உள்ள தென்னாப்பிரிக்கத் தூதரகத்துக்குள் உட்கார்ந்து கைதானார்கள். அடுத்த வாரத்திலிருந்து தினமும் யாராவது வந்து கைதானார்கள், எம்.பி.க்கள் உட்பட. அதே சமயம் சான்பிரான்சிஸ்கோ துறைமுகத் தொழிலாளிகள் ஒரு கப்பலின் தென்னாப்பிரிக்கச் சரக்கைப் பதினொரு நாள் தொடவில்லை. பல்கலைக்கழகம், நகராட்சி, ஓய்வூதிய நிதி என்று ஒவ்வொன்றாக, அங்கே தொழில் செய்யும் கம்பெனியின் பங்கை விற்கிறோம் என்றன. கலிபோர்னியா பல்கலைக்கழகம் மட்டும் 300 கோடி டாலர் அளவுக்கு.

ஒரு பங்கை ஒருவன் விற்றால் இன்னொருவன் வாங்குவான், விலைகூட அசையாது. பொருளியல் பாடம் அதைத்தான் சொல்லும், அது சரியும்கூட. ஆனால் கம்பெனித் தலைவர் ஒவ்வொரு பங்குதாரர் கூட்டத்திலும் ஒரு மணி நேரம் தென்னாப்பிரிக்காவுக்கே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நாட்டு வியாபாரம் மொத்தத்தில் ஒரு சதவீதம்கூட வராது. ஒரு கட்டத்தில், "இந்த ஒரு சதவீதத்துக்கு இவ்வளவு தலைவலியா?" என்று தோன்றும். கலவரம் வரும்வரை அந்தத் தலைவலியைப் பொறுத்துக்கொண்டார்கள். கலவரம் வந்ததும் அதுவே சாக்கானது. ஆகவே நேர்வழியார் கேட்டதற்கு என் பதில், லாப நஷ்டக் கணக்குதான், சந்தேகமில்லை. அந்தக் கணக்கில் நஷ்டப் பத்தியில் எண்களை எழுதியவர்கள் மேரி மேனிங் மாதிரி ஆட்கள்.

ரெண்டாம்வருஷம்

நஷ்டப் பத்தி. இதை செமினாரில் சொல்லலாமா ஐயா?

பழைய_காசாளர்

தாராளமாக. மார்க் குறைந்தால் என்னிடம் வராதே.

லிஃபிக்கரை_சாவித்திரி

கம்பெனிக்கு உள்ளேயே இருந்து செய்தவர்களும் உண்டு. 1970-ல் பொலராய்டில் வேலை பார்த்த கேரலைன் ஹன்டர், கென் வில்லியம்ஸ் இருவரும் தற்செயலாக ஒன்றைப் பார்க்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் பாஸ் புத்தகத்துக்கான மாதிரிப் படம், தங்கள் கம்பெனி எந்திரத்தில் எடுத்தது. கறுப்பர் ஒவ்வொருவரும் கையில் வைத்துக்கொண்டே திரியவேண்டிய அந்தப் புத்தகம்தான், வாத்தியார் சொன்ன பண்ணைக்கு ஆளை அனுப்பியதும். இருவரும் நோட்டீஸ் அடித்து ஒட்டினார்கள். வேலை போனது. அரசாங்கத்துக்கு விற்கமாட்டோம் என்று கம்பெனி சொன்னது. உள்ளூர் விநியோகஸ்தர் களவாக விற்றது 1977-ல் வெளிவந்ததும் பொலராய்டு முழுசாகக் கிளம்பியது. ஏழு வருஷம்!

நேர்வழிக்கணக்கு

சரி. வங்கி விஷயத்தில் காசாளர் ஐயா சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், அதாவது முக்கால்வாசி. ஆனால் எண்ணெய்த் தடை படுதோல்வி என்ற என் கருத்தில் மாற்றமில்லை. ஒரு நாள்கூட அங்கே வண்டி நிற்கவில்லை.

கரிசல்காட்டான்

இதற்கு நான் கொஞ்சம் படித்துவிட்டு வந்தேன். வண்டி நிற்கவில்லை, உண்மை. ஈரானில் ஷா இருந்தவரை தேவையில் 90 சதவீதம் அங்கிருந்தே வந்தது. 1979 புரட்சியோடு அதுவும் நின்றது. அப்புறம் கள்ளத்தனம்தான். கப்பல் பெயரைப் பெயின்ட் அடித்து மறைப்பது, போகும் ஊரைப் பொய்யாக எழுதுவது. ஆம்ஸ்டர்டாமில் நாலைந்து பேர் ஓர் அலுவலகம் போட்டு எந்தக் கப்பல் எங்கே காணாமல் போகிறது என்று கணக்கெடுத்து வெளியிட்டுக்கொண்டிருந்தார்கள்.

சேலம் என்று ஒரு கப்பல்! நம்ம சேலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. குவைத் எண்ணெயை ஏற்றிக்கொண்டு ஐரோப்பாவுக்குப் போகிறேன் என்று கிளம்பி, ரகசியமாக டர்பனில் பெரும்பகுதியை இறக்கிவிட்டு, 1980 ஜனவரியில் செனகல் பக்கம் போய்த் தானே மூழ்கியது. காப்பாற்றப் போனவர்கள் பார்த்தால், மாலுமிகள் பெட்டியெல்லாம் ஒழுங்காகக் கட்டிக்கொண்டு படகில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இப்படி வாங்கினால் விலை என்ன ஆகும்? 1973 முதல் 1984 வரை எண்ணெய்க்குக் கூடுதலாக 2,200 கோடி ராண்ட் கொடுத்தோம் என்று போத்தாவே 1986-ல் ஒப்புக்கொண்டார். வண்டி ஓடியது நேர்வழியாரே, ஆனால் தண்டம் கட்டிக்கொண்டு ஓடியது.

நேர்வழிக்கணக்கு

அந்தத் தண்டத்தை யார் கட்டினார்? கடைசியில் பஸ் டிக்கெட்டில் கறுப்பினத் தொழிலாளிதானே?

டர்பன்_வாத்தியார்

ஆமாம். அவரும்தான். அதனால்தான் யார் கேட்டார்கள் என்பது முக்கியம் என்கிறேன். உண்ணாவிரதம் இருப்பவனிடம் போய் உனக்குப் பசிக்குமே என்றால் என்ன சொல்வான்?

பக்கத்து நாடுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜாம்பியா, ஜிம்பாப்வே, போட்ஸ்வானா. ரயில், துறைமுகம் எல்லாம் தென்னாப்பிரிக்கா வழியாக. 1986 மே மாதம் காமன்வெல்த் தூதுக்குழு அங்கே பேச்சு நடத்திக்கொண்டிருக்கும்போதே இந்த மூன்று நாட்டின் மேலும் ஒரே நாளில் தாக்குதல் நடத்தியது போத்தா அரசு. தூதுக்குழு மூட்டையைக் கட்டியது. அதற்குப் பிறகுதான் தடை வேண்டாம் என்றவர்களிலேயே பலருக்குப் பேச வாய் இல்லாமல் போனது. அந்த அக்டோபரில் தடைச் சட்டத்துக்கு அதிபர் ரீகன் போட்ட வீட்டோவை அமெரிக்க செனட் 78-க்கு 21 என்று தள்ளியதில் அவர் கட்சிக்காரர்களும் இருந்தார்கள்.

பழைய_காசாளர்

ஒரு பெயர் விட்டுப்போகக்கூடாது. ஈ. எஸ். ரெட்டி. பழைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பக்கம் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்து, ஐ.நா.வில் வேலைக்குச் சேர்ந்தவர். நிறவெறிக்கு எதிரான சிறப்புக் குழுவை 1963-ல் அமைத்தபோது மேற்கு நாடு எதுவும் உறுப்பினராக வரவில்லை. உப்புக்குச் சப்பாணிக் குழு என்றுதான் நினைத்தார்கள். செயலாளராக இருந்த ரெட்டி, மேற்கு நாடு இல்லாதது நல்லதாகப் போயிற்று, முட்டுக்கட்டை போட ஆளில்லை என்று எடுத்துக்கொண்டார். நாடுகடத்தப்பட்டவர்கள், தொழிற்சங்கங்கள், மாணவர்கள், பாதிரியார்கள் எல்லாருக்கும் அந்த அறைதான் சந்திப்பிடம். இருபது வருஷம் அந்த வேலை. 2020-ல் 96 வயதில் காலமானார். நம் பத்திரிகைகளில் எவ்வளவு இடம் கொடுத்தார்கள் என்று தேடிப்பாருங்கள்.

ரெண்டாம்வருஷம்

கடைசியா ஒரு சந்தேகம். மண்டேலா 1990 பிப்ரவரியில் வெளியே வந்தாச்சு. அப்பவே தடையை எடுத்திருக்கலாமே?

பழைய_காசாளர்

எடுக்காதீர்கள் என்று கேட்டதே அவர்தான். வெளியே வந்து ஊர் ஊராகப் போய் அதைத்தான் சொன்னார். ஓட்டுரிமை இன்னும் கைக்கு வரவில்லையே. அமெரிக்கா அவசரப்பட்டு 1991-ல் எடுத்துவிட்டது. மண்டேலா ஐ.நா.வில் நின்று, இப்போது எடுக்கலாம் என்று சொன்னது 1993 செப்டம்பர் 24-ல். அசலும் வட்டியும் தீராமல் நோட்டைத் திருப்பிக் கொடுக்காத மனுஷன்.

கரிசல்காட்டான்

எல்லாருக்கும் நன்றி. இழையை முழுசாக அத்தை மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "ரொம்ப நீளம்" என்று பதில் வந்திருக்கிறது.

நேற்று ஊரிலிருந்து அப்பா வந்தார். பாஸ்போர்ட்டைக் காட்டி அந்த வரியை வாசித்து, விளக்கியும் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இப்படி ஒண்ணு இதுல இருக்குன்னே எனக்குத் தெரியாதுடா. ஏஜென்ட் எட்டாயிரம் வாங்குனான், அதுதான் ஞாபகம் இருக்கு" என்றார்.